பிஸ்கோத்து டப்பா

என் அக்காவுக்கும் எனக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அதன் பலனாக, நாற்பத்தேழு வயதிலேயே என்னைத் "தாத்தா" என்று கூப்பிட ஓர் ஆள் ஏற்பட்டுவிட்டது. அக்காவின் பெண்ணும் மாப்பிள்ளையும் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். சென்ற டிசம்பர் விடுமுறைக்குத் தங்கள் பதினொரு வயதுக் குழந்தையை அழைத்துக்கொண்டு ராசிபுரத்துக்கு வந்திருந்தார்கள்.

வந்த மறுநாள் காலையில் குழந்தை சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு, "தாத்தா, இங்கே பக்கத்திலே ஏதாவது பழைய சர்ச் இருக்கா?" என்று கேட்டாள்.

அக்காவின் கையிலிருந்த தோசைத் திருப்பி அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. தன் பெண்ணை ஒரு பார்வை பார்த்தாள். எத்தனையோ வருஷமாக மனத்துக்குள் வைத்திருந்த சந்தேகம் நிஜமாகிவிட்டது என்கிற பார்வை அது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லேம்மா" என்று அவள் சிரித்தாள். "டப்பா தேடற விளையாட்டு. அங்கே கிராமத்துக் கோவில்களிலேதான் ஜாஸ்தி ஒளிச்சு வைப்பாங்க."

அன்று சாயங்காலம் வரையில் எனக்கு அந்த விளையாட்டைப் பற்றிப் பாடம் நடந்தது. குழந்தைகள் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது வாத்தியார்களைவிடக் கண்டிப்பானவர்கள். எனக்கு விளங்கிய அளவில் வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பூமியில் நாம் நிற்கிற இடத்தை இரண்டு எண்களால் குறித்துவிடலாம். அட்சரேகை ஒன்று, தீர்க்கரேகை ஒன்று. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிற செயற்கைக் கோள்களில் குறைந்தது நாலு கண்ணில் பட்டால் போதும். நம் சட்டைப்பையில் இருக்கிற கைபேசி அந்த இரண்டு எண்களையும் சொல்லிவிடும். ஆனால் அமெரிக்க ராணுவத்தார் தங்கள் சொந்தக் காரணங்களுக்காக, மற்றவர்களுக்குக் கிடைக்கும் கணக்கில் வேண்டுமென்றே கொஞ்சம் பிழை கலந்து விட்டிருந்தார்கள். நூறு மீட்டர் வரையில்கூட இடம் தப்பிப் போகும். 2000-ஆம் வருஷம் மே மாதம் அந்தப் பிழையை எடுத்துவிட்டார்கள். எடுத்த மறுநாளே, மே 3-ந் தேதி, டேவ் அல்மர் என்கிற அமெரிக்கர் ஆரிகன் மாகாணத்துக் காட்டில் ஒரு கறுப்பு வாளியை வைத்துவிட்டு, அதன் எண்களை இன்டர்நெட்டில் போட்டார். வாளியில் ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், சில புஸ்தகங்கள், ஓர் உண்டிவில், ஒரு தகர டப்பா அவரைக்காய் விதை எல்லாம் இருந்தன. மூன்று நாளைக்குள் இரண்டு பேர் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர் வைத்தது அந்த மாதக் கடைசியில்.

ஆரிகன் வாளிக்கும் ஒரு பாட்டன் உண்டு. இங்கிலாந்தில் டார்ட்மூர் என்கிற மேட்டு நிலத்தில், எளிதில் போய்ச் சேர முடியாத ஒரு சதுப்பருகே, 1854-ல் ஜேம்ஸ் பெரட் என்கிற வழிகாட்டி ஒரு பாட்டிலை வைத்தாராம். கஷ்டப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டை அதில் போட்டுவிட்டு வருவார்கள். அவ்வளவுதான். அதற்காகச் சேற்றில் மைல் கணக்கில் நடந்திருக்கிறார்கள்.

முதலில் இது எனக்கு அசட்டு விளையாட்டாகத்தான் தோன்றியது. நம் பக்கத்தில் புதையல் என்றால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. கொல்லிமலைப் புதையல் கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மை போட்டுப் பார்க்க வேண்டும், பூதம் காக்கும், தலைப் பிள்ளையைக் கேட்கும். இந்த டப்பாவில் இருப்பதோ ஒரு பொம்மைக் காரும் பென்சில் துண்டும். அதையும் எடுத்தால் பதிலுக்கு அதே மதிப்புள்ள ஒன்றை வைக்க வேண்டுமாம். நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைத்துவிட வேண்டுமாம். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. இடத்துக்காரருடைய சம்மதம் வேண்டும். பேத்தி விதிகளை விரல் விட்டு எண்ணினாள்.

"சர்ச் எதற்கு?" என்று கேட்டேன்.

இங்கிலாந்தில் கிராமத்துக்குக் கிராமம் நாலு நூறு, ஐந்நூறு வருஷத்துக் கோவில்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் இப்போது பூசைக்கு ஆள் கூடுவதில்லை. 2007-லிருந்து அந்தக் கோவில்களைச் சுற்றியே ஆயிரக்கணக்கில் டப்பா வைத்திருக்கிறார்கள். அதிலும் சிலது நேரே எண்ணைக் கொடுத்துவிடாது, புதிர் போடும். வாசலில் எத்தனை படி? மணியில் வார்த்திருக்கிற வருஷம் என்ன? மேற்குச் சுவரில் எத்தனை ஜன்னல்? விடைகளைச் சேர்த்தால்தான் கடைசி எண்கள் கிடைக்கும். ஆகவே, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வராதவர்கள்கூடச் சனிக்கிழமை கோவிலைச் சுற்றி வந்து ஜன்னல் எண்ணுகிறார்கள்.

பேத்தியின் கைபேசியில் இங்கிலாந்துப் படத்தைப் பார்த்தால், அம்மை போட்ட முகம் மாதிரி புள்ளியாக இருந்தது. எங்கள் ஊரைச் சுற்றி அவளுக்கு வேண்டியது ஒன்றும் அகப்படவில்லை. குழந்தையின் முகம் வாடிவிட்டது. "நான் வைக்கிறேன் ஒன்று" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

எழுதுகிறவன் அநேகமாக வாய் தவறித்தான் எதையும் ஒப்புக்கொள்கிறான்.

சேலத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் கிறிஸ்து நாதர் ஆலயம் இருக்கிறது. சென்னையில் எத்தனையோ பெரிய கட்டிடங்களுக்குப் படம் போட்ட ராபர்ட் சிஸ்ஹோம் வரைந்தது, 1875-ல் பிரதிஷ்டையாயிற்று. ஏற்காட்டிலும் பழைய கோவில் உண்டு. ஆனால் குழந்தைக்குக் கிராமம்தான் வேண்டும். கிராமம் என்றால் எனக்குத் தெரிந்த மாதா கோவில் ஒன்றே ஒன்றுதான். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, சாலையிலிருந்து கிழக்கே பிரிந்து போனால் கொல்லிமலை எதிரே சுவர் மாதிரி நிற்கும் ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்குள்ளவர்களுக்கு இந்தக் கதையில் யார் யார் என்று தெரிந்துபோகும்.

அந்தப் பக்கத்தில் கிறிஸ்தவ மதம் நேற்று வந்ததல்ல. தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு, காவி உடுத்துத் தமிழ் எழுதிய இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி, 1623-ல் மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலம் வந்தார். அப்போது அங்கே ஆண்டவர் ராமச்சந்திர நாயக்கர். பாதிரியாரை மரியாதையாக வரவேற்றார். பிறகு பாதிரியார் சேலம் போனார். சேந்தமங்கலம் இன்று ஒரு பேரூர். நானூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு ரோமாபுரிக்காரர் வந்து தங்கினார் என்று பஸ் ஸ்டாண்டில் யாரிடமாவது சொன்னால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அந்தச் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என் அப்பா வாத்தியாராக இருந்தார். அங்கேதான் எனக்குப் பத்து வயது வரையில் கழிந்தது. மாதா கோவில் மதிலுக்குள் நான் கடைசியாகக் கால் வைத்து முப்பத்தேழு வருஷம் ஆகியிருந்தது. ராசிபுரத்திலிருந்து அரை மணி நேரப் பிரயாணம். போகாததற்குத் தூரம் காரணமில்லை.

புதிர் தயார் செய்வதற்காகத் தனியாக ஒரு நாள் போனேன். வாசற்படி நாலு என்று ஞாபகத்திலிருந்தே எழுதி வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் மூன்று. நான் தப்பாக நினைத்ததில்லை. தெருவைத் தார் போட்டு உயர்த்திக்கொண்டே வந்து ஒரு படியை விழுங்கிவிட்டார்கள். இந்த விளையாட்டில் அது சின்ன விஷயமல்ல. அட்சரேகையில் ஒரு நிமிஷம் என்பது 1,852 மீட்டர். தசமப் புள்ளிக்கு அடுத்த எண்ணில் ஒன்று பிசகினால் 185 மீட்டர் தள்ளி, யாருடைய மரவள்ளிக் காட்டிலோ நிற்போம். மூன்றாவது எண்ணில் பிசகினால் இரண்டே மீட்டர்தான். நானோ கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நிறுத்திக்கொண்டவன்; கணக்கு அதற்கும் முன்பே என்னை நிறுத்திவிட்டது. ராமானுஜத்துக்குச் சொப்பனத்தில் வந்து கணக்குச் சொல்லிக் கொடுத்த நாமகிரித் தாயார் பதினைந்து மைலுக்குள் நாமக்கல்லில்தான் இருக்கிறாள். அவளை மனத்தில் நினைத்துக்கொண்டு படி, ஜன்னல், தூண் எல்லாவற்றையும் மறுபடி எண்ணினேன்.

மதில் ஓரத்தில் ஒரு கிணறு. அதன் கைப்பிடிச் சுவரில் பதித்த கல்லில் வருஷம் தமிழ் எண்ணில் வெட்டியிருக்கும்: க, அ, எ, எ. அதாவது 1877. தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்தப் பஞ்சத்தின் நடுவில் இந்தக் கிணற்றை வெட்டியிருக்கிறார்கள். சின்ன வயதில் அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து புளியம்பழம் தின்றிருக்கிறேனே தவிர, வருஷத்தைக் கூட்டிப் பார்த்ததில்லை.

பங்குச் சாமியார் இளைஞர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "கல்லறைப் பக்கம் வேண்டாம், கோவிலுக்குள்ளேயும் வேண்டாம். மற்றபடி எங்கே வேண்டுமானாலும் வையுங்கள்" என்றார். பிறகு, "இங்கே எல்லாம் எங்கள் கோவில்பிள்ளை பொறுப்பு. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், கால் அடிபட்ட பிறகு இங்கே வந்துவிட்டார். முன்னே இருந்த உபதேசியாருடைய மகன். உங்களுக்குத் தெரிந்திருக்குமே?" என்று கேட்டார்.

"ஞாபகமில்லை" என்றேன்.

ஞாபகமில்லாமல் என்ன! நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சு. எங்களுக்கு ஒரு டப்பா இருந்தது. பிஸ்கோத்து டப்பா. மணிக்கம்பத்துக்குப் பின்னால் மதிலில் ஒரு கல் பெயர்ந்து, உள்ளே முழங்கை ஆழத்துக்குப் பொந்து. அதில் டப்பாவை வைத்துக் கல்லை மூடிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. மயிலிறகு, கோலிக்குண்டு, ஒரு ஜோடி பாட்டரிக் கட்டை, கெட்டுப்போன கடிகாரம். நாங்கள் இருவரும் சேர்த்த ஆஸ்தி. ஆரிகன் வாளிக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முந்தியது. அதை மட்டும் அப்போது யாராவது கண்டுபிடித்து எழுதியிருந்தால்!

பூசையில் அடிக்கிற கைமணி ஒன்று அந்தக் கோவிலில் இருந்தது. ஒரே பிடியில் நாலு சின்னப் பித்தளைக் கிண்ணங்கள் கவிழ்த்தாற்போல் இருக்கும். என் ஸ்நேகிதன்தான் பூசையில் அதை அடிப்பான். அவன் கை அசைக்கிறபோது எழுகிற சத்தம் எனக்கு ராத்திரித் தூக்கத்தில்கூடக் கேட்கும். தேர்த் திருவிழாவுக்கு முந்திய நாள் மத்தியானம், கோவிலில் ஒருவரும் இல்லாத சமயம், அதை எடுத்துக்கொண்டு போய் டப்பாவில் வைத்தேன். திருட வேண்டும் என்று எண்ணவில்லை. ஒரு ராத்திரி எங்கள் ஆஸ்தியோடு இருக்கட்டும் என்றுதான். மறுநாள் காலையில் வைத்துவிடுவதாக உத்தேசம். பத்து வயதில் எல்லாமே உத்தேசம்தான்.

மாலையிலேயே மணியைக் காணோம் என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள். நான் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். ஸ்நேகிதனுக்கு எங்கே தேட வேண்டும் என்று தெரியும். தேடினான், எடுத்தான், கொண்டு போய் அப்பாவிடம் கொடுத்தான். "எங்கேடா இருந்தது?" என்று கேட்டார் உபதேசியார். "மதிலுக்குப் பின்னாலே" என்றான். "யார் வைச்சது?" என்று கேட்டார். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை.

திருவிழாவுக்கு வந்திருந்த ஜனங்களுக்கு முன்னால், மணிக்கம்பத்தடியில் நிறுத்தி, புளிய விளாரால் அடித்தார். உபதேசியார் மகனே திருடினால் ஊர் என்ன சொல்லும் என்று அவருக்கு. நான் மதிலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். மதில் என் கழுத்து உயரம். அவன் என்னைப் பார்த்தான். நான் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு பூசையில் மணி அடிக்க அவனை விடவில்லை. இரண்டு மாதத்தில் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. போகிற அன்றுகூட அவனிடம் நான் பேசவில்லை.

இருபத்திரண்டு வருஷமாகக் கதை எழுதுகிறேன். தைரியசாலிகளாக எத்தனையோ பேரைப் படைத்திருக்கிறேன். இந்த ஒன்றை எழுதத் துணிந்ததில்லை.

நாங்கள் புதிர் விளையாடப் போனது ஒரு சனிக்கிழமை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னை அடையாளம் தெரியாது என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று, டப்பாவை மணிக்கம்பத்துக்கு எதிர்ப் பக்கத்தில், தூரத்தில், புளியமரத்து வேர்ச் சந்தில் வைத்திருந்தேன். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு நாற்பது பக்க நோட்டு, பென்சில், ஒரு பம்பரம், கொஞ்சம் மணி.

பேத்தி படியை எண்ணினாள். ஜன்னலை எண்ணினாள். கிணற்றங்கரையில் போய் நின்றுவிட்டாள். "தாத்தா, இது நம்பர் இல்லே, லெட்டர்ஸ்!" அவளுக்குத் தமிழ் எழுத்தே தடவித் தடவித்தான் வரும். நான் உதவக் கூடாது என்பது ஒப்பந்தம்.

கோவில் பக்கத்திலிருந்து ஒருவர் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. நான் கிணற்றுக்கு மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்ன கண்ணு பாக்குற? அது எழுத்து இல்லே, எண்ணு. க-ன்னா ஒண்ணு. அ-ன்னா எட்டு. எ-ன்னா ஏழு. எங்கப்பாரு சொல்லிக் குடுத்தது."

பேத்தி துள்ளினாள். "எயிட்டீன் செவன்டி செவன்! கூட்டினா இருபத்து மூணு!" கைபேசியில் எண்களைப் போட்டாள். புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். மரத்தடியில் போனதும், இலைகள் மறைத்ததனாலோ என்னவோ, கைபேசி இங்கே என்கிறது, அங்கே என்கிறது. திறந்த வெளியில் நாலைந்து மீட்டருக்குள் சொல்கிற கருவி, மரத்தடியில் தடுமாறும். குழந்தை நாலு பக்கமும் தேடிவிட்டு நின்றாள்.

"என்ன தேடுற?" என்று அவர் கேட்டார்.

"ஒரு டப்பா. எங்க தாத்தா ஒளிச்சு வைச்சிருக்கார்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் முதுகைப் பார்த்துக்கொண்டே, "உங்க தாத்தா வெச்சாருன்னா அங்கெல்லாம் இருக்காது கண்ணு. அதா, மணிக்கம்பத்துக்குப் பின்னாலே மதிலு இருக்குது பாரு, அங்கே பாரு" என்றார்.

குழந்தை ஓடினாள். "இங்கே சிமென்ட் பூசியிருக்கு!" என்று அங்கிருந்து குரல் வந்தது.

"ஆமாங் கண்ணு. நான்தான் பூசினேன். பாம்பு அடையுதுன்னு."

நான் திரும்பினேன். வேறு வழியில்லை.

"வாங்க. வாத்தியார் மகன்தானுங்களே? அன்னிக்கு வந்துட்டுப் போனதாச் சாமியார் சொன்னாருங்க. நாமக்கல் போயிருந்தேன். உங்க கதையெல்லாம் வாரப் பத்திரிகையிலே வருதுங்க, என் மருமக படிக்கும்."

அந்த 'ங்க' ஒவ்வொன்றும் எனக்கு விளார் மாதிரி இருந்தது. என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. அந்த மணி, அன்றைக்கு, நான்தான் என்று துண்டு துண்டாக ஏதோ வந்தது. முப்பத்தேழு வருஷமாக மனத்துக்குள் எழுதி எழுதித் திருத்தி வைத்திருந்த வாக்கியம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த எடம் நம்ம ரெண்டு பேருக்குத்தானுங்களே தெரியும்" என்றார். கோபமும் இல்லை; பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "எங்கப்பாரு சாகற வரைக்கும் நான்தான்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு. அது ஒண்ணுதான்" என்றார்.

அதற்கு நான் என்ன பதில் சொல்வது? இன்றைக்கும் தெரியவில்லை.

இதற்குள் பேத்தி மறுபடி புளியமரத்தடிக்கு வந்து, வேர்ச் சந்தில் கையை விட்டு டப்பாவை எடுத்துவிட்டாள். வெற்றிக் கூச்சலைக் கேட்டுக் காக்கைகள் பறந்தன. அக்கா பெண், அதுவரையில் படிக்கட்டில் உட்கார்ந்து எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், கைதட்டினாள். குழந்தை நோட்டில் முதல் பக்கத்தில் தன் பெயரும் தேதியும் எழுதினாள். எண்ணைப் படித்துச் சொன்னவருக்கும் பங்கு உண்டு என்று அவர் கையில் பென்சிலைக் கொடுத்தாள். அவர் பெயரை எழுதினார். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னதும், பம்பரத்தை எடுத்துப் பேரனுக்கு என்று மடியில் செருகிக்கொண்டார். பதிலுக்கு என்ன வைப்பது என்று பையைத் துழாவி, ஒரு மெழுகுவத்தித் துண்டை வைத்தார்.

பேத்திக்கு ஒரு கவலை. ஊரில் இல்லாதவர்கள் டப்பா வைத்துவிட்டுப் போகக் கூடாதாம். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். மழை நனைந்தால் நோட்டை மாற்ற வேண்டும், காணாமல் போனால் வேறு வைக்க வேண்டும். அப்படி ஆள் இல்லாவிட்டால் இன்டர்நெட்டில் பதிய மாட்டார்கள். "யார் பார்த்துப்பாங்க?" என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் இருக்கேன் கண்ணு" என்றார் அவர்.

புறப்படும்போது வாசல் வரையில் வந்தார். மூன்று படிகளில் இறங்கி நான் தெருவில் நிற்கையில், "அந்த மணி இன்னம் இருக்குது. நாலுலே ஒரு கிண்ணம் விரிசல் விட்டுப் போச்சு. பாக்கறயா?" என்று கேட்டார்.

மறுபடியும் ஏறி உள்ளே போனேன்.

இங்கிலாந்துக்காரர்கள் ஜனவரி முதல் வாரத்தில் திரும்பிப் போய்விட்டார்கள். பேத்தி பதிவுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். பதில் வர நாளாகுமாம். நேற்று ராத்திரி எனக்கு ஒரு போன் வந்தது. டப்பாவின் மூடியை அணில் கடித்துவிட்டது, உள்ளே எறும்பு ஏறி நோட்டெல்லாம் மண்ணாகிக் கிடக்கிறது, பிளாஸ்டிக் வேண்டாம், தகர டப்பாவாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வா என்றான். ராசிபுரம் கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டேன். பிஸ்கோத்து இப்போது தகர டப்பாவில் வருவது அபூர்வமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்று கிடைக்க வேண்டும்.